சரோஜா அக்கா எழுதாமல் விட்ட ஒரு வரி

என் மூத்த பேத்தி பாயான் லெப்பாஸில் இன்ஜினியர். அடுத்தவள் மருத்துவம், கடைசி வருடம். பேரன் போன மாதம்தான் பூப்பந்தில் பினாங்குக்கு ஆடி வெண்கலம் வாங்கினான். இதையெல்லாம் ஜெலுத்தோங் பாசாரில் மீன்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசியில் செய்தி வந்தது: சரோஜா அக்கா காலமாகிவிட்டார். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாக் மண்டின் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். நம் லைனுக்குச் சூப்பர்வைசர். மெஷின் நின்றாலும் ஆள் மயங்கி விழுந்தாலும், ஒரு தாளில் நாலு வரி மலாயில் எழுதி மேனேஜருக்கு அனுப்புவார். அனுப்பும் முன் என்னிடம் வாசித்துக் காட்டுவார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். “உனக்குப் புரிஞ்சிட்டா மேனேஜருக்கும் புரியும்லா. அவருக்கு உன் அளவுக்குப் பொறுமை கிடையாது” என்பார். எனக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

பார்த்தது முதலில், செய்தது அடுத்து, வேண்டியது கடைசியில். அதுதான் அவர் முறை. ஸ்டோர் கூரை ஒழுகியபோது, பல நாளாகச் சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்று சேர்க்கச் சொன்னேன். “அது உன் கோபம். வாளியைப் பத்தி எழுதுவோம்” என்றார். கீழே வாளிகள் வைத்திருக்கிறோம், எல்லாம் நிறைந்துவிட்டன என்று எழுதினார். மறுநாளே ஆள் வந்து கூரையில் ஏறினான்.

லெட்சுமியை மறந்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று நாம்தான் கேட்டோம். அக்காவும் சரியென்றார். ஆனால் அவள் இடத்தில் போர்டுத் தட்டு வைக்கும் பழக்கத்தை நாம் விடவில்லை. காலையில் வைப்போம், சாயங்காலம் அப்படியே எடுப்போம். ஒரு நாள் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், தட்டில் இருந்த போர்டுகளுக்கெல்லாம் ஈயம் வைத்து முடித்திருந்தது. தொட்டேன். சூடு ஆறவில்லை. லெட்சுமி மட்டும்தான் போர்டைத் தலைகீழாக அடுக்குவாள். அப்படித்தான் அடுக்கியிருந்தது.

முதலில் கத்தியது நான். பிறகு லைனே கத்தியது. மேனேஜர் வந்தார். நம்மில் யாரோ விளையாட்டுக் காட்டியிருப்பதாகச் சொன்னார். கத்தியவர்களை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகவும், மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அப்போது படுத்த படுக்கை. என் சம்பளம் நின்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டியதுதான்.

அக்கா நின்றபடியே எழுதி வாசித்தார்: “காலி நாற்காலிக்கு முன்னால் தட்டு வைத்தது எங்கள் தவறு. ஓய்வு நேரத்தில் அதில் வேலை முடிந்திருந்தது. போர்டுகளைச் சோதித்தேன், குறையில்லை. பெண்கள் பயந்தார்கள், இப்போது வேலை செய்கிறார்கள். நாற்காலியை அகற்ற அனுமதி வேண்டும்.”

பேய் என்ற சொல்லே அதில் கிடையாது. பெண்களுக்குப் பைத்தியம் என்று சொல்லவும் அதில் இடம் இல்லை. மேனேஜர் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். யார் வேலையும் போகவில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பார்த்ததை மட்டும் எழுதி எங்களைக் காப்பாற்றினீர்களே என்றேன். அதற்கு அவர் சொன்னார்:

“பார்த்ததுல ஒரு வரி விட்டுட்டேன், ராஜம். நீங்கல்லாம் டீ குடிச்சிட்டு வர்றதுக்கு முன்னாடியே நான் உள்ளே வந்துட்டேன். அங்க நடக்கிற வழி குறுகல்லா. லெட்சுமி தன் நாற்காலியை முன்னால இழுத்துக்கிட்டு எனக்கு வழி விட்டா.”

ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. எழுதியிருந்தால் நம்மில் யாருக்கு வேலை மிஞ்சியிருக்கும், அவரையும் சேர்த்து?

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த வரிதான். இத்தனை வருடம் அதை அவர் தனியாக வைத்திருந்தார். அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் குழுவில் போட்டிருக்கும் அவர் படத்தைப் பார்த்தேன். கடைசியாக எடுத்தது என்கிறார்கள். வீட்டு சோபாவில் இடம் தாராளமாகக் கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. அக்கா ஓரமாக ஒதுங்கி, காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். யாரிடமாவது வேறு படம் இருந்தால் போடுங்கள்.