கையில் தூக்கிய செருப்பு

எனக்கு வாய் நீளம். பெருமையாகச் சொல்லவில்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டால், அது என்னைக் கேட்டதுதானா என்றுகூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவேன். "வாய அடக்குடி, போற எடத்துல பேஜாராயிடும்" என்று அம்மா சின்ன வயதிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள். போன இடத்தில் எனக்கு ஒரு பேஜாரும் ஆகவில்லை. வேலை, பரிசு, பேர் எல்லாம் அந்த வாயால்தான் வந்தது. கெட்டது வேறு ஒருத்தியின் பிழைப்பு. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கிராமம் உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி. ரோட்டுக்கு இந்தப் பக்கம், நிலம் வைத்திருக்கிற எங்கள் தெருக்கள்; அதை 'ஊர்' என்போம். அந்தப் பக்கம், எங்கள் நிலங்களில் கூலி வேலை செய்கிறவர்கள் இருக்கும் காலனி. அவள் காலனிப் பெண். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஆனால் அத்தனை வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது பத்து வார்த்தை தேறாது. சண்டை ஒன்றும் இல்லை. பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் வழக்கம், அவ்வளவுதான்.

பிறகு சென்னையில், பல்கலைக்கழகத்தில் கிரியேட்டிவ் அட்வர்டைசிங் என்ற விளம்பரப் படிப்பில் சேர ஃபைலோடு வரிசையில் நின்றால், எனக்கு நாலு பேர் முன்னால் அவள் நிற்கிறாள். சுற்றிலும் இங்கிலீஷ் பேசும் பெண்கள். ஊர்க்கார முகம் ஒன்றைப் பார்த்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா, நீயும் இங்கதானா?" என்றாள் அவள். அன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் இருந்து யாராவது பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

அந்தப் படிப்பில் எல்லாமே ஜோடியாகத்தான். எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. நான் எழுதுவேன், அவள் வரைவாள், சேர்ந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வாரம் செய்த விளம்பரங்களைச் சுவரில் குத்தி வைக்க வேண்டும். எங்கள் மேடம், விளம்பரக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிழிப்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம். இது யாருடைய ஐடியா என்று யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது. "ஜோடின்னா ரெண்டு பேரும் சேந்து நல்லவங்க, ரெண்டு பேரும் சேந்து மொக்கை" என்பார். 'என் ஐடியா' என்று வாய் தவறிச் சொல்கிறவர் வகுப்பு முழுக்க டீ வாங்கித் தர வேண்டும். முதல் செமஸ்டரில் அதிகம் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அவள் அதிகம் பேச மாட்டாள். கோபம் வந்தால் பென்சிலை இன்னும் கூராகச் சீவுவாள். நான் எழுதியது சரியில்லை என்றால், "இது இன்னாத்துக்கு?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்கு எத்தனை வாக்கியங்களை அடித்திருப்பேன். ஒரே தட்டில் ஹாஸ்டல் உப்புமாவைத் தின்றோம். ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டோம். ஆனால் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பினால், செங்கல்பட்டு வரை ரயிலில் தோளோடு தோள் உட்கார்ந்து வருவோம், அங்கிருந்து உத்திரமேரூர் பஸ்ஸிலும் அப்படியே. உத்திரமேரூரில் எங்கள் டவுன் பஸ் ஏறியதும் நான் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன், அவள் பின்னால் போய்விடுவாள். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

கடைசி வருடம் ஒரு வேலை கொடுத்தார்கள். சாதாரணச் செருப்புக்கு விளம்பரம் செய்ய வேண்டும். நான் மூன்று நாள் ஓடி ஓடி எழுதினேன், எல்லாம் குப்பை. நாலாவது நாள் அவள் ஒரு படத்தை மேஜையில் வைத்தாள். ஒரு கை, முழங்கைக்குக் கீழே மட்டும். நரம்பு புடைத்த, வெயிலில் கறுத்த ஆண் கை. இரண்டு செருப்பையும் சேர்த்து வாரில் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"யார் கை?" என்று கேட்டேன்.

"எங்க நைனா. போன வாரம் வூட்டுல நிக்க வெச்சி வரஞ்சேன்." கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினாள். "உங்க தெருமொன வந்தா எங்க நைனா செருப்ப கழட்டி கையில எடுத்துக்கும். கல்யாணம் ஆனப்புறங்கூட. நான் பொறந்ததுக்கு அப்பால தான் நின்னுது."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அந்தத் தெருமுனையில்தான் எங்கள் வீடு. எங்கள் வாசலைத் தாண்டி அப்படி நடந்தவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். பேனாவை எடுத்தேன். படத்துக்குக் கீழே இரண்டே வார்த்தை: 'இது காலுக்கு.' அவள் படித்துப் பார்த்தாள். 'இன்னாத்துக்கு' என்று கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மேடம் எதையும் கிழிக்காமல் சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

படிப்பு முடிந்ததும் பெரிய விளம்பரக் கம்பெனி ஒன்று எங்களை ஜோடியாக இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. இருவருக்கும் அந்த வேலை வேண்டும். அவளுக்கு ரொம்பவே வேண்டும். எனக்கு வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் செய்து வைப்பார்கள்; அவளுக்குக் கிடைக்காவிட்டால் வீட்டில் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் வேலைகளைக் கடகடவென்று புரட்டினார்கள். செருப்புப் படம் வந்ததும் நடுவில் இருந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். புதுச் செருப்பு அவ்வளவு பிடித்துப்போய், தேயக் கூடாது என்று ஒருத்தன் கையில் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அவர் புரிந்துகொண்டார். "ஆகா, இது எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். கேட்டபோது அவர் பார்த்தது அவளைத்தான்.

அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அம்மா சார். புதுச் செருப்பு வாங்கினா சேறு படாம கையில தூக்கிட்டுத்தான் நடப்பாங்க. அதைப் பார்த்துதான் எனக்குத் தோணுச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் எனக்கே வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆயிரம் முறை என்னையே கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும், அறை இறுகிப்போகும், இரண்டு பேருக்குமே வேலை போய்விடும், ஜோடியைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். உண்மையைச் சொன்னால் அந்தத் தெரு யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பயம்தான்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "உங்க அம்மா எப்ப சேத்துல நடந்தாங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"சரி" என்றாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அந்த வருடம் அவர்கள் எடுத்தது ஒரே ஒருவரை. என்னை. போன் செய்து அழுதேன். உள்ளே போனதும் உண்மையைச் சொல்லி உன்னையும் சேர்க்க வைக்கிறேன் என்று சத்தியம் செய்தேன். "மொதல்ல போய் சேருடி" என்றாள்.

சேர்ந்தேன். முதல் வாரம் சொல்லலாம் என்றிருந்தேன், முதல் வாரத்திலேயே பிரச்சினை எதற்கு என்று தோன்றியது. மூன்றாவது மாதம் ஒரு செருப்புக் கம்பெனி அந்த விளம்பரத்தையே வாங்கிக்கொண்டது. அவள் வரைந்த கை அப்படியே விளம்பரத் தட்டிகளில் ஏறியது. இனிமேல் சொன்னால் இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. அடுத்து அதற்குப் பரிசு வந்தது. எங்கள் பல்கலைக்கழகம் தன் வெப்சைட்டில் என் போட்டோவைப் போட்டு, இங்கே படித்தால் இப்படி ஆகலாம் என்று எழுதியது. அவளுக்கு நான் போன் செய்வது வாரம் ஒன்று என்றிருந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காலை வேளை. டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றதும் எதிரே பேனர். எங்கள் தெருமுனையில், கம்பம் நட்டுக் கட்டியிருந்தார்கள். என் முகம் பெரிதாக, கீழே வெள்ளைச் சட்டையில் அப்பாவும் சித்தப்பாக்களும் கும்பிட்டபடி. நடுவில், ஆள் உயரத்துக்கு, செருப்பைத் தூக்கிய கை. மேலே 'பரிசு வென்ற எங்கள் வீட்டு மகளுக்கு வாழ்த்துகள்.' எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸுக்குக் காத்திருந்த காலனிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாத்தியா, இவுங்க செருப்ப தூக்கி நம்மளுக்குத்தான் காட்டுறாங்க." அவர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அந்தப் பேனர அவுத்துப் போடுங்கப்பா" என்றேன்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, சோக்காதான கீது? நான் கூட செருப்பு வாணாம், மொகம் மட்டும் போதும்னுதான் சொன்னேன். பேனர் கடை பொண்ணுதான், அது கண்டிப்பா இருக்கட்டும், அதுக்குத்தான பரிசுன்னு சொல்லி வெச்சிது."

"எந்தப் பொண்ணு?"

"காலனி பொண்ணு. உங்கூட படிச்சிதாமே. உத்திரமேரூர்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துகினு கீது."

அவள் அங்கே வேலைக்குப் போகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பையைக்கூடப் பிரிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, மை வாடை குப்பென்று அடித்தது. அவள் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து பேனரைச் செய்துகொண்டிருந்தாள். தாய்மாமன்களின் தலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்திக்கொண்டே, "எப்ப வந்த?" என்றாள்.

"இப்பத்தான். பேனர் பாத்தேன்."

"செவப்பு கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி. மிஷின் அப்படி."

"எதுக்குடி அத வெச்ச?"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். "நான் வரஞ்சத நான் வெக்கக் கூடாதா? மெட்ராஸ் பூரா மாட்டுனாங்க, எங்க நைனா அங்கல்லாம் போயி பாக்க முடியுமா? செருப்ப கழட்டன எடம் அந்தத் தெருமொன. அங்கியே தொங்கட்டும்னு வெச்சேன்."

"பாத்தாரா?"

"பாத்துது. தன் கையின்னு தெரிஞ்சிகிச்சி. 'இன்னாத்துக்கும்மா உம்பேரு இல்ல'ன்னு கேட்டுது."

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"அது ஜோடியா பண்ணது நைனா, யாரு பண்ணதுன்னு சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லிகீறாங்கன்னு சொன்னேன்."

அங்கேயே, அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லு" என்றாள். "எனக்கு இன்னும் அந்த வேலை வேணும். காதுகுத்து பேனர் அடிச்சிக்கினு இங்கியே உக்காந்துகினு இருக்கணும்னு எனக்கு வேண்டுதலா? நீ சொன்னா கூப்புடுவாங்க. நீ ஒருத்திதான் சொல்ல முடியும்."

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டு, இனி ஒரு சின்ன டீமுக்கு நான்தான் பொறுப்பு என்றார். மேஜையில் அந்தப் பரிசு இருந்தது. "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிற வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் போய்விட்டது. அவள் ஒருமுறைகூடப் போன் செய்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சில நாள் அவள்மீதே எனக்குக் கோபம் வரும். என்ன ஜென்மம் நான்.

ஆபீஸில்தான் முடியவில்லை, எழுத்திலாவது சொல்லிவிடுவோம் என்று இதை எழுத ஆரம்பித்தேன். முதல் பிரதியில் அவளுடைய முழுப் பெயரும் இருந்தது, என்னுடையதும் இருந்தது, கம்பெனியின் பெயரும் இருந்தது. நேற்று மறுபடி படித்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் யாராவது இதைப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பிறகு ஒவ்வொரு பெயராகத் தேடி எடுத்துவிட்டேன்.