கட்டைவிரல் காட்டிய ஜோதி

பெரிய யுத்தம் முடிந்த சமயம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டைகளுக்கு முத்திரை போடுவது என் வேலை. அப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசை முடிந்ததும் எங்களை உட்காரவைத்து, கண்ணை மூடி, இமைமேல் கட்டைவிரலால் அழுத்தச் சொல்வார். அழுத்தினால் இருட்டுக்குள் ஒளி தெரியும். அதுதான் ஜோதி தரிசனம்.

தரிசனம் அவரவர் சம்பளத்துக்கு ஏற்றபடி கிடைத்தது. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணிக்கு மயில்மேல் முருகன், கையில் வேலோடு. சின்னக் கிராணிக்கு வெறும் மயில். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனுக்கு ஓர் இறகு. ஒரு வாரம் சின்னக் கிராணி வாய்தவறி, "எனக்கும் வேல் தெரிஞ்சது" என்றார். பெரிய கிராணி ஒரு பார்வை பார்த்தார். மறுவாரம் வேல் மறைந்துவிட்டது.

எனக்கு வலக்கண்ணில் ஒரு மஞ்சள் வளையம். இடக்கண்ணில் ஒன்றுமே இல்லை. குளித்து விபூதி இடாமல் ஒருநாளும் கோப்பி குடித்தவனல்ல நான். சாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

"போன ஜென்மத்துப் பாவம் எடக்கண்ணுல வந்து அடைச்சிருக்கு. இன்னும் அழுத்து" என்றார்.

காலையும் மாலையும் அழுத்தினேன். கண் சிவந்ததே தவிரப் பாவம் கரையவில்லை. என் வீட்டுக்காரிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

"எடப்பக்கம் அப்பளம் வெச்சேன், பாக்காமலே எந்திரிச்சிட்டீங்க. நேத்து கதவு நெலையில இடிச்சீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நடங்க!"

டாக்டருக்கு உதவியாக இருந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்னைவிட இளையவர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். என் வலக்கண்ணைப் பொத்தி, இடக்கண்முன் விளக்கைக் காட்டினார்.

"தெரியுதா அண்ணே?"

"என்ன தெரியணும்?"

அவர் முகம் மாறியது. நான் ஜோதி, பாவம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, கண்ணுக்குள்ள பின்சுவத்துல வெளிச்சம் பட்டா துடிக்கிற பொடிப்பொடி அணுக்கள் இருக்கு. அங்கேருந்து நரம்பு, உங்க ஸ்டேஷன் தந்திக்கம்பி மாதிரி, மூளைக்குப் போவுது. மூளை மண்டைக்குள்ள இருட்டுல உக்காந்திருக்கு. சூரியன அது பாத்ததே இல்ல. கம்பியில சேதி வந்தா 'வெளிச்சம்'னு எடுத்துக்கும். தட்டுனது சூரியனா, உங்க கட்டவெரலான்னு அதுக்குத் தெரியாது."

"அப்போ என் பாவம்?"

"பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணுக்குள்ள நீரழுத்தம் ஏறி எடப்பக்கத்துக் கம்பி செத்துப்போச்சு. வலப்பக்கமும் ஏறுது. இதுல நீங்க வேற வெளியிலேருந்து அமுக்குறீங்களே!"

பெரிய டாக்டரான வெள்ளைக்காரத் துரையும் பார்த்தார். போன கண் திரும்பாது. இருக்கும் கண்ணுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டால் காப்பாற்றலாம். விரல் மட்டும் படக்கூடாது என்றார். பாவமில்லை என்று கேட்டதும் என் துக்கம் பாதியாயிற்று. மீதிப் பாதியைப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று அழுது தீர்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டேன். பெரிய கிராணிக்குக் கோபம் வந்தது.

"வேதக்காரன் பேச்சக் கேட்டுட்டு வந்து நிக்கிறியா? என் முருகன் தந்திக்கம்பியிலயா வர்றான்?"

"எந்த வழியில வந்தாலும் கும்புடுறேங்க. எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு கம்பிதான். அத அமுக்க மாட்டேன்."

எல்லாரும் கண்ணில் விரல் வைத்தார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தட்டில் எரிந்த கற்பூரத்தையே பார்த்திருந்தேன். சாமியார் மெல்ல நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த டிரெஸ்ஸரு காலையில எத்தன மணிக்கு வருவாரு?" என்றார் தணிந்த குரலில்.

"ஏன் சாமி?"

"ஆறு மாசமா எனக்கு வெளக்கச் சுத்தி வானவில் தெரியுது. தலை வேற வலிக்குது. சித்தி கைகூடுதுன்னு நெனச்சிருந்தேன். நீ சொன்ன அந்த நீரழுத்தமா இருக்குமோ?"

பாவம் என்று சொல்லி என்னை இன்னும் அழுத்த வைத்தவர் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

"எட்டு மணிக்கு, சாமி. நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் கண்ணத் தொடாதீங்க."

எதிரே பெரிய கிராணி, "முருகா, முருகா" என்று உருகி இன்னும் பலமாக அழுத்திக்கொண்டிருந்தார்.