விடுமுறைக்கு வந்த மூன்று பேரும் என் தொண்டையும்

தேநீர்க் கடையில் நிற்பவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: ஊரெல்லாம் ஓய்வெடுக்கப் புறப்படும் நாளில்தான் நமக்கு இடுப்பு ஒடியும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை தொடங்கினால் கேமரன் மலைக்குக் கோலாலம்பூரே ஏறி வந்துவிடும். எங்கள் தோட்டத்துத் தேநீர்க் கூடம் சரிவின் விளிம்பில் இருப்பதால் வருகிற எல்லோருக்கும் ஜன்னலோர மேசைதான் வேண்டும். மேசை எட்டு, ஜன்னலோரம் மூன்று. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வருடமாக அங்கே நான்தான் சூப்பர்வைசர். பெயர் ரோசலின். ஆனால் 'சத்தக்கார ரோஸ்' என்று கேட்டால்தான் தோட்டத்தில் வழி சொல்வார்கள்.

ஆள் மூன்று

ஆண்டுக் கடைசி விடுமுறையில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலரை உதவிக்கு எடுப்போம். போன முறை மூவர். தினேஷ், பதினாறு வயது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பையன். கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தால்தான் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். ரியாஸுக்கும் அதே வயது. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயின் மகன், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தனியாக ஆள் வைக்க வேண்டும். ஷாமினி பதினேழு வயதுப் பெண், பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடித்தவள். அப்பா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறார்.

ஷாமினியை அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தார். "வெளி ஆளப் பாத்தா இதுக்கு வாயே வராது ரோஸ். அடுத்த மாசம் ஈப்போவுல நர்சிங் காலேஜ் இண்டர்வியூ. ஸ்கூல்ல ஒத்திகை வச்சப்ப பேரச் சொல்றதுக்குள்ள அழுதுட்டு வந்துருச்சு. பேசாத நர்ஸ யாரு எடுப்பா? சின்னதுலேருந்து இதுக்கு இந்த ஒரே ஆசைதான்" என்றார். எனக்குப் பேசச் சொல்லித்தரத் தெரியாது, கத்தத்தான் தெரியும் என்று சொல்லியும் கேட்காமல் விட்டுவிட்டுப் போனார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மேரி அக்கா சொன்னார்: "ஆளு மூனு வந்திருக்கு ரோஸ், வாய் ஒன்னுதான் வந்திருக்கு."

டீயா, குழம்பா?

எங்கள் கூடத்தில் இலைத் தேநீர் என்றால், டீபாட்டில் கொதிநீர் ஊற்றி நாலு நிமிடம் சும்மா விட வேண்டும், அவ்வளவுதான். தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் தெரியாது. லயத்தில் தூளைச் சட்டியில் போட்டு, இஞ்சி தட்டி, கொதிக்கக் கொதிக்க விட்டுக் கெட்டிப்பால் ஊற்றுவார்கள். தினேஷ் முதல் நாளே அந்த வேலையை எங்கள் உயர்ந்த ரக இலையில் செய்து, கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெரியவர் முன்னால் வைத்துவிட்டான்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது டீயா குழம்பா?" என்றார். நான் ஓடினேன். இப்படிப்பட்ட நேரத்துக்கு என்னிடம் ஒரு பொய் எப்போதும் தயாராக இருக்கும். மெஷின் கோளாறு என்பேன், கிச்சனில் புது ஆள் என்பேன். அதற்குள் தினேஷ், "எங்க வீட்டுல இப்படித்தான் அங்கிள் போடுவோம். இங்க வேற மாதிரி போல. என் தப்புதான், மாத்திக் கொண்டாறேன்" என்றான். 'என் தப்பு' என்று அந்தக் கவுண்டரிலிருந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நான் உட்பட. எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. பெரியவர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்: "வேணாம்லா, குழம்பு நல்லாத்தான் இருக்கு."

பத்து நிமிஷம்

ஒரு காலை, பனிமூட்டம். மூன்று வேன் நிறைய வந்தவர்களுக்கு ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஓர் அம்மா, "வளைஞ்சு வளைஞ்சு வாந்தியெடுத்து ஏறி வந்தது இதப் பாக்கவா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார், மூட்டத்தை நான்தான் வரவழைத்த மாதிரி. மேசை துடைத்துக்கொண்டிருந்த ஷாமினி, ரியாஸின் சட்டையை இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு வாரமாக அதுதான் அவர்களுடைய ஏற்பாடு. அவள் முணுமுணுப்பாள், அவன் ஒலிபரப்புவான். "எல்லாரும் உக்காருங்க! பத்து நிமிஷத்துல பனி விலகிரும்!" என்று அறிவித்தான் அவன்.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன். "டீ ஃபேக்டரி வாசம் வருது ஆண்ட்டி. அந்தப் பக்கத்துக் காத்து வந்தா பனி நிக்காது. துணி காயப் போட நாங்க இதத்தான் பாப்போம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. பதினெட்டு வருடமாக அதே வாசத்தை மோந்துகொண்டுதான் நானும் நிற்கிறேன். ஒரு நாள்கூட யோசித்ததில்லை. மூட்டம் விலகிச் சரிவு முழுக்கப் பச்சை தெரிந்தபோது அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: "பத்துன்னு சொல்லி இருபது ஆச்சு. பரவால, எங்க ஊரு பஸ்ஸுக்கு நீங்க தேவல."

தலை இல்லாத படங்கள்

எல்லோரும் என்னிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். நான் எடுத்தால் யாருக்காவது தலை இருக்காது. அந்த வேலையை தினேஷிடம் தள்ளிவிட்டேன். அவன் ஈரப் புல்லில் மண்டியிட்டு, வெளிச்சம் பார்த்து, ஓரமாக நின்றவரையும் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி எடுத்தான். எந்நேரமும் கைப்பேசியை நோண்டுகிறான் என்று நான் திட்டிய திட்டெல்லாம் வீண். ஒரு குடும்பத்துத் தகப்பன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்: "எப்பவும் நான்தான் எடுப்பேன். இன்னிக்குத்தான் எங்க குடும்பத்துல நானும் இருக்கேன்."

பின்னாடி எடுங்க

கூடத்துக்கு வரும் ரோடு ஒரு கார் அகலம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இறங்கிய கார்களும் ஏறி வந்த கொழுந்து லோரியும் வளைவில் முகத்துக்கு முகம் நின்றுவிட்டன. யாரும் அசையவில்லை. முதல் காரில் ஒரு குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது. அதன் அம்மா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்று, வழி விடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். ஹார்ன் சத்தத்தில் என் குரலே எடுபடவில்லை, அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததே இல்லை.

ரியாஸ் அன்றைக்கு வரவில்லை. அப்பா கடையில் கூட்டம். ஷாமினி காதில் முணுமுணுக்க, அதை ஒலிபரப்ப ஆள் இல்லை. அவளே தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினாள். குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி வராமல் நடு ரோட்டில் போய் நின்றாள். கார்க்காரர்களைப் பார்த்துக் கை காட்டி, "துங்கு! துங்கு!" என்று மலாயில் காத்திருக்கச் சொன்னாள். லோரிப் பக்கம் திரும்பினாள். ஓட்டியவர் அவள் அப்பா. "நீங்கதான்பா பின்னாடி எடுக்கணும்! ஒதுங்குற இடம் உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு! கொழுந்து காத்திருக்கும், பிள்ள காத்திருக்காது!" என்றாள். லோரி பின்னால் போனது, கார் இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் அப்பா பிறகு கூடத்துக்கு வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார்: "பதினேழு வருஷமா நான் சொல்றதுக்கு அது தலையாட்டும். இன்னிக்கு அது சொன்னதுக்கு நான் ஆட்டிட்டேன் ரோஸ்."

ஈப்போவிலிருந்து

நேர்காணல் அன்று நான் காபி கேட்டவருக்குத் தேநீரும் தேநீர் கேட்டவருக்குத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஷாமினி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கூடத்துக்கு வந்தாள். இடம் கொடுத்துவிட்டார்கள், அங்கேயே சொல்லிவிட்டார்களாம். மேரி அக்கா மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

"நீ அழுதியா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆண்ட்டி. கோவமா கத்துற பேஷண்ட எப்படிச் சமாளிப்பன்னு கேட்டாங்க. அது எனக்குப் பழக்கம், ஒரு மாசமா டெய்லி அதுதான் வேலைன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "எந்தக் கஸ்டமர் உன்கிட்ட கத்துனது? ஏன் என்கிட்ட சொல்லல?"

"கஸ்டமர் இல்ல ஆண்ட்டி, நீங்க."

விடுமுறையில் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு இப்போதெல்லாம் நான் யோசனை சொல்வதில்லை, ஒரு முறை கத்திக் காட்டி, இது போதுமா என்று மட்டும் கேட்கிறேன்.