அத்தையின் மெட்டியும் இறங்கி வந்த கோடும்

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றுகொண்டு அத்தை தன் மெட்டிகள் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கல்யாணத்தன்று போட்ட மெட்டிகள், விரல் தடித்ததில் இறுகிப்போயிருந்தன. சோப்பு நுரை தடவித் திருகித் திருகிக் கழற்றினோம். அவை இருந்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மாமா நல்லபடியாக இருக்கும்போது மெட்டியைக் கழற்ற அத்தைக்கு மனசே இல்லை. "கையிலயே வெச்சுக்க கண்ணு, கீழ மட்டும் வெச்சராத" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மண்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கப் போனேன்னு உங்க மாமன்கிட்டச் சொல்லிராத. ஒண்ணுமில்லீன்னு அவரு எப்பவோ சொல்லிட்டாரு."

என் கணவரின் அம்மாவான அவரை மலையிலிருந்து அழைத்துப் போனது நான்தான். சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியில், அல்சைமர் என்னும் மறதி நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் எனக்கு வேலை. மறதி வெளியே தெரிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே மூளையில் ஒருவகைப் புரதம் படியத் தொடங்கிவிடும். ஸ்கேன் அந்தப் படிவை ஓர் எண்ணாகக் கொடுக்கும். எந்த எண்ணைத் தாண்டினால் 'படிவு இருக்கிறது' என்பது? அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான் எங்கள் குழுவின் கேள்வி. அதற்கு நோயாளிகள் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நினைவுள்ள பெரியவர்களும் வேண்டும். எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில் அத்தையைவிடத் தெளிவானவர் யார் என்று நினைத்தேன். எந்த மிளகுக்கொடியை எந்த மழைக்கு நட்டார் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

அவருடைய எண் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்தது. அதைக் கணினியில் ஏற்றியவளும் நான்தான். நிம்மதியாக இருந்தது. பின்னர் மகன் பிறந்தான். அவனை அத்தையிடம் விட்டுவிட்டு நான் முதல் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய்வரத் தொடங்கினேன்.

ஒருநாள் கூட்டத்தில் தலைமை டாக்டரம்மா கோட்டைக் கீழே இறக்க வேண்டும் என்றார். பழைய கோடு நோய் முற்றியவர்களை மட்டுமே பிடிக்கிறது, தொடக்கத்தில் இருப்பவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். "கோடு மூளைக்குள்ள இல்லம்மா, நாம போடுறது. மேல போட்டா சிலரை விட்டுருவோம், கீழ போட்டா ஒண்ணுமில்லாதவங்களும் உள்ள வந்துருவாங்க." அன்று சாயங்காலம் அத்தையின் எண் இருந்த இடத்திலேயே இருக்க, கோடு மட்டும் அதைத் தாண்டி இறங்கியிருந்தது. கோட்டுக்கு மேலே இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்கிறவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். முடிவைப் பங்கேற்றவரிடமோ குடும்பத்தாரிடமோ சொல்லக் கூடாது என்ற விதியும் தெரியும். என் கணவரிடமும் சொல்லவில்லை. மகனை அத்தையிடம் விட்டுப் போவது சரியா என்று தெரியாமலே தினமும் பஸ் ஏறினேன்.

வீட்டில் நானே ஒரு கோடு போட ஆரம்பித்தேன். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தால் அது வயசு. பேரனை மகனின் பெயரால் கூப்பிட்டால் அது எல்லோரும் செய்வது. அப்படியானால் எது கோட்டைத் தாண்டியது? காலையில் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிவிட்டு மத்தியானம் போனில் கேட்பேன். "ஏஞ் சாமி, எனக்குப் பரீட்சை வெக்கிறியா? பெயிலானா ஊட்ட விட்டுத் தொரத்திருவியா?" என்பார் அத்தை. மூன்றையும் சரியாகச் சொல்லவும் செய்வார். "ஆஸ்பத்திரிக் கிறுக்கையெல்லாம் ஊட்டுக்குக் கொண்டாராத" என்று கணவர் கடிந்துகொண்டார்.

போன வாரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பனி மூடியிருந்தது. வீட்டில் விளக்கு போடவில்லை. அத்தை மகனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கால்விரல்களில் சோப்பு நுரை. என்னைக் கண்டதும் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு மெட்டி.

"கையிலயே வெச்சுக்க கண்ணு. கீழ வெச்சராத. இப்பக் கூப்புடுவாங்க."

"இன்னொண்ணு எங்கீங்க அத்தை?"

அவர் தன் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்கிட்டத்தான கொடுத்தேன்."

மகன் சத்தமே போடாமல் இருந்தான். அவன் வாயைத் திறந்து விரலை விட்டேன். அடித்தொண்டைக்குப் பக்கத்தில் மெட்டி தட்டுப்பட்டது. எச்சிலோடு வழுக்கி அது என் கைக்கு வந்த பிறகுதான் அவன் வீறிட்டு அழுதான். "புள்ளைய ஏஞ் சாமி அழ வெக்கிற?" என்று அத்தை என்னைக் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் போகவில்லை. அத்தை வழக்கம்போல மிளகைக் காயப்போட்டு, எந்தக் கொடியில் எது பறித்தது என்று பிரித்துச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நேற்றுப் பார்த்தது கனவோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. மெட்டியைப் போட்டுவிடலாம் என்று கீழே உட்கார்ந்து அவர் காலைத் தொட்டேன். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கூப்புடலயே கண்ணு, அதுக்குள்ள எதுக்கு?"

ஸ்கேன் முடிந்தது மகன் பிறப்பதற்கு முன்னால். மெட்டிகள் இரண்டும் என் கையில்தான் இருக்கின்றன. கீழே வைக்கவில்லை.