அம்மா கொண்டுவந்த தண்ணீர்

எங்கள் கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டபோது எனக்குப் பதினொரு வயது. மண்ணைக் கிளறிக் குந்தும், ஒன்றும் வராது, கத்தும். அப்பா அதைச் சந்தைப் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, ஸ்பிரிங்வெளியில் இருந்து பதுளைக்கு பஸ்ஸில் கொண்டுபோனார். மிருக வைத்தியர் ஊசி போட்டுவிட்டு, “நிறைய தண்ணி குடிக்க வைங்க. இன்னொரு தடவை அடைச்சா செத்துப்போகும்” என்றார்.

அன்றே கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, அதைக் குடிக்க வைக்கும் வழிகளை எழுதினேன். ஒன்று, அகலமான தட்டு. இரண்டு, சாப்பாட்டுக்குத் தள்ளி வைப்பது. மூன்று, வாசலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே பூச்சியம். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்காரும்.

தட்டில் இருந்தது பீலித் தண்ணீர், பொதுக்குழாயில் பிடித்தது. தொட்டியில் குளோரின் தூள் போட்டிருந்தார்கள். அந்த வாடை அதற்குப் பிடிக்கவில்லை என்று இன்று, தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் இருந்துகொண்டு, எளிதாகச் சொல்கிறேன். அப்போது தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு மலையில் இருந்து வரும் அம்மா, கூடையைக்கூட இறக்காமல் லயத்து வரிசை வீடுகளின் கோடியில் இருந்த கக்கூசுக்கு ஓடுவார். அன்றும் ஓடினார். படியில் வைத்துவிட்டுப் போன போத்தலில் இருந்து கொஞ்சம் ஊற்றினேன். பூனை நக்கி நக்கிக் குடித்தது.

அது கொதிக்கவைத்த தண்ணீர், குளோரின் வாடை போயிருந்தது. மழை மாதம், விறகெல்லாம் ஈரம். காலையில் அம்மாவுக்கு மட்டும் ஒரு போத்தல் காய்ச்சுவோம். சாயந்திரம் அது ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும்.

“நாளைக்கும் குடிச்சிராம கொண்டு வாங்கம்மா. பூனைக்கு வேணும்.”

“நான் எங்க சாமி குடிக்கப் போறேன்.”

அம்மாவோடு கொழுந்தெடுக்கும் பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றிருந்தார். “குடிச்சா எங்க போயி ஒதுங்குறது? தேயில இடுப்பு ஒசரம். மேல கங்காணி, கீழ ரோடு. ஒங்கம்மா பூனையவிட கெட்டிக்காரி, பொழுதுக்கும் அடக்கி வச்சிருவா” என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூனை தேறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மழை விட்டு வெயில் கொளுத்தியது. போத்தலில் பாதிதான் மிஞ்சியிருந்தது. பூனை செத்துப்போகும் என்று அழுதேன். “இனி தொட மாட்டேன்டி, அழாத” என்றார் அம்மா. அதற்குப் பிறகு போத்தல் குறையவே இல்லை.

அம்மா சில நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு காய்ச்சல். மலையிலேயே நடுங்கி விழுந்தார் என்று தூக்கி வந்தார்கள். சிறுநீரகத்தில் பிடித்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐந்தாம் நாள் அப்பா தனியாக வீட்டுக்கு வந்தார்.

அதற்கு முந்தின நாள் நான் அம்மாவின் கட்டிலருகே நின்றேன். டாக்டர் கேட்டார்: “மூத்திரத்த அடக்கி வைக்கிற பழக்கம் இருக்கா? தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?”

அம்மா என்னைப் பார்த்தார். “நல்லா குடிப்பேங்க. ஒரு போத்தல் கொண்டு போவேன், முழுசும் குடிச்சிருவேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னால் டாக்டர் எப்படி மருந்து கொடுப்பார்? சரியான அளவு எனக்குத்தான் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் சுடுகிற கை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், அம்மா ஏன் பொய் சொன்னார் என்று காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். டாக்டர் என்றால் பயம். பலர் முன்னால் வெட்கம். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற கவலை. பசறை ரோட்டு வளைவுகள் முடிவதற்குள் ஏழெட்டு சேர்ந்துவிட்டன. அவற்றில் நான் இல்லை.