திரிசூலத்தில் கிடைத்த பீரங்கிக் குண்டு

திரிசூலம் கல்குவாரியில் ஜல்லி உடைத்துப் பிழைத்தவள் பேபி. எண்பத்தேழில் குடிசைக்குப் பின்னால் கக்கூஸுக்குக் குழி தோண்டியபோது, தேங்காய் அளவில் துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று கிடைத்தது. கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க அதை அண்டக்கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு வாத்தியார் ஏசுபாதம் ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"பேபி, இது பீரங்கிக் குண்டும்மா. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மெட்ராசுக்காக அடிச்சிக்கிட்டப்போ, பக்கத்துல இருக்கிற பரங்கிமலையைச் சுத்திப் பெரிய சண்டை நடந்துது."

"அவுங்க சண்டைக்கு நம்ம ஊரா சார் கெட்ச்சுது? இங்க இருந்த ஜனங்க இன்னா ஆனாங்க?"

"ஓடியிருப்பாங்க, செத்திருப்பாங்க. யாரும் அவங்க பேரை எழுதி வைக்கலை."

குவாரியில் வெடி வைத்தபோது பறந்துவந்த கல் பட்டுத்தான் பேபியின் புருஷன் ரத்தினம் செத்துப்போயிருந்தான். அன்று அலறியடித்து ஓடியவர்களின் முகங்கள் அவளுக்கு மறக்கவில்லை.

அந்த அமாவாசையில் ரத்தினத்துக்குப் படையல் போட்டபோது, பக்கத்தில் இன்னொரு இலையும் விரித்தாள்.

"இது யாருக்கும்மா?" என்றாள் மகள்.

"முன்னாடி இங்க இருந்தவங்களுக்குடி. அவுங்களுக்கும் யாராச்சும் போடணுமில்ல" என்று சொல்லிச் சோற்றைக் கொஞ்சம் கூடவே வைத்தாள் பேபி.