பீப்பா செய்யாத கூப்பர்கள்

வீட்டில் ஒருவரும் ஒருநாளும் செய்யாத ஒரு தொழிலின் பெயரை ஒரு குடும்பம் எதற்காகச் சுமக்க வேண்டும்? நேசமலருக்கு இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டது. ஆங்கில வகுப்பில் ஆசிரியை ஒருநாள், கூப்பர் என்றால் பீப்பா செய்பவர் என்று விளக்கினார். அன்று பின்னேரமே நேசமலர் கூப்பரின் பெயர் 'பீப்பா' ஆகிவிட்டது. ஆள் கொஞ்சம் பூசினாற்போல இருந்ததும் பட்டப்பெயருக்கு வசதியாகப் போயிற்று.

அவள் குடும்பத்தில் ஆசிரியர்கள் இருந்தார்கள், கந்தோரில் பேனை பிடித்தவர்கள் இருந்தார்கள். பீப்பா செய்தவர் ஒருவருமில்லை. அவளுடைய பூட்டனார் அமெரிக்க மிசனரிமாரின் விடுதியில் தங்கிப் படித்தவர். அவருடைய படிப்புச் செலவைக் கடலுக்கு அப்பாலிருந்து ஏற்றுக்கொண்டவர் ஒரு கூப்பர். உபகாரம் செய்தவரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது அந்த மிசனில் வழக்கம். நன்றிக்காக இட்ட பெயர் நாலு தலைமுறையாக ஒட்டிக்கொண்டது.

எண்பத்தைந்தில் போருக்குத் தப்பி, கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்கு வந்து, கொலோன் நகருக்கு அனுப்பப்பட்டபோதும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அகதி விசாரணையில் அதிகாரி கடதாசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் கடதாசியைப் பார்த்தார். இங்கிலீஷ் பெயரோடு வந்திருப்பவள் தமிழ்ப் பெண்தான் என்று நம்பவைக்க, மிசனரிமாரின் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவளை ஏற்றுக்கொண்டார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலையும் கிடைத்தது.

அங்கே அவளோடு படுக்கை விரிப்பு மடிப்பவள் யோசப்பின் கியூப்பர்ஸ் என்ற கொலோன்காரி. முதல்நாளே நேசமலரின் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினாள்.

"நாம் இரண்டு பேரும் ஒரே குடும்பம். கூப்பர், கியூப்பர்ஸ். இரண்டும் பீப்பாதான்!"

"உங்கள் வீட்டில் பீப்பா செய்வார்களா?" நேசமலர் தன் அரைகுறை ஜேர்மனில் கேட்டாள்.

"எங்கே! அப்பா ட்ராம் ஓட்டினார். தாத்தா தபால்காரர். பீப்பாவைக் காலி பண்ணுவதோடு எங்கள் வேலை சரி."

ரைன் நதிக்கரையில் அந்தப் பெயர் மலிந்து கிடந்தது. ஒரு காலத்தில் வைன், மீன், உப்பு, வெண்ணெய் எல்லாம் பீப்பாவில்தான் பயணம் போயின. ஆகவே பீப்பா செய்பவன் இல்லாத ஊர் இல்லை. குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற அந்தப் பழைய நூற்றாண்டுகளில் ஒருவன் என்ன வேலை செய்துகொண்டிருந்தானோ, அதுவே அவனுடைய பேரப்பிள்ளைகளின் பெயராக உறைந்துவிட்டது. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இருக்கும் கூப்பர்களின் பெயர்கூட இந்தப் பக்கத்துத் தாழ்நிலக் கரைகளிலிருந்து போன சொல்லில் பிறந்ததுதான் என்பார்கள். வேலை போய்விட்டது, பெயர் இருக்கிறது.

கொலோனில் கதவுக்குக் கதவு பித்தளைத் தகட்டில் ஒரு தொழில் குடும்பப் பெயராக நின்றது: தையற்காரர், நெசவாளர், மாவரைப்பவர். நேசமலர் மருந்துக்குப் போகும் டொக்டரின் பெயருக்கு அர்த்தம் இறைச்சிக்கடைக்காரர். அதைச் சொல்லி ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது புதுமையாக இருந்தது. ஊரில் தொழில் பெயரில் ஏறுவதில்லை. ஏறாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஸ்ரீதரனை அவள் முதன்முதலில் கண்டது அகதிகள் விடுதியின் சமையலறையில். ஒரு பியர்க்கடையில் கோப்பை கழுவி, பீப்பா உருட்டும் வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதித் தமிழருக்கு முடி வெட்டுவான். அன்று கழுத்தில் துவாயோடு இருந்தவர் இராசலிங்கம். கொலோன் தமிழரின் ஊர், உறவு எல்லாம் விசாரித்து வைத்திருக்கும் மனிதர்.

"தம்பி, கை நல்லா ஓடுது. ஊரிலை ஆரின்ரை மகன்?"

"சலூன் சோதிலிங்கத்தின்ரை மகன், அண்ணை. தலையை ஆட்டாதேங்கோ, காது போயிடும்."

இராசலிங்கத்தின் முகம் மாறியது. ஆனால் அரைவாசி வெட்டிய தலையோடு எழும்பிப் போக ஏலாது. கடைசி மயிர் விழும்வரை அவர் அசையாமல் இருந்தார். அடுத்த மாதமும் வந்தார். முடி வெட்டுவித்துக்கொண்டார், ஆனால் அங்கே தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஸ்ரீதரன் பெரிய பேச்சுக்காரன் அல்ல, அழகனும் அல்ல. ஆனால் தகப்பனின் பெயரைச் சொன்னபோது அவன் குரல் இறங்கவில்லை. நேசமலர் கவனித்தது அதைத்தான். ஊரில் அவளுடைய வீட்டார், வேதாகமம் வாசிக்கிறவர்கள், சோதிலிங்கத்தைச் சாதி பார்த்து முற்றத்தோடு நிறுத்தியிருப்பார்கள். இருவரும் விரும்பிய பிறகு, கலியாணத்துக்கு அவர்களிடம் சம்மதம் வாங்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

எண்பத்தெட்டு வசந்தத்தில் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டும், எவருடையது என்று நீங்களே முடிவு செய்யலாம், கலியாணத்தன்று சொல்லுங்கள் என்றாள் அலுவலர்.

நேசமலர் வாசலைத் தாண்டுமுன்பே முடிவெடுத்துவிட்டாள்.

"சோதிலிங்கம். அதிலை கதைக்க என்ன கிடக்கு?"

பீப்பாவை இறக்கி வைக்கலாம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் இராசலிங்கம் போன்றவர்கள். கூப்பர் வீட்டுப் பெட்டை சலூன்காரன் மகனைக் கட்டினாள், பெயரை மட்டும் தொடவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அந்தப் பெயரைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

ஸ்ரீதரன் சிரித்தான்.

"டொக்டரிட்டை அப்பாவின்ரை பேரைச் சொல்லி உம்மைக் கூப்பிடுவினம். மாமனார் பேரெண்டு நீர் எழும்ப மாட்டீர். வருத்தம் முத்திப்போகும்."

"எழும்புவன். பழகிறன், பொறுங்கோ."

உண்மையில் அது லேசாக இருக்கவில்லை. மாமனாரின் பெயரை மருமகள் சொல்வதில்லை என்று வளர்ந்த நாக்கு அது. சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் அவள் சொல்லிப் பார்த்தாள். பின்னாலிருந்து வந்து யோசப்பின், "திருமதி சோதிலிங்கம்!" என்று கத்துவாள். முதல் கிழமை நேசமலர் திரும்பவே இல்லை. இரண்டாம் கிழமை திரும்பினாள். மூன்றாம் கிழமை, "என்ன?" என்று கேட்டாள்.

கலியாணத்தன்று அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குடும்பப் பெயர் எது என்று கேட்டாள். நேசமலர் வாயைத் திறந்தாள்.

"கூப்பர்," என்றான் ஸ்ரீதரன்.

அலுவலர் நிமிர்ந்து பார்த்தாள். "மனைவியின் பெயரா? இங்கேயே ஆண்கள் அப்படிச் செய்வது குறைவு. யோசித்துத்தான் சொல்கிறீர்களா?"

"ஆம். கூப்பர்."

"உங்களுக்குச் சம்மதமா?" கேள்வி நேசமலரின் பக்கம் திரும்பியது.

அவள் அவனைப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் காதருகில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டாதேங்கோ என்று சொல்லும்போது இருக்கும் முகம். அதில் வெட்கம் இல்லை, தியாகம் செய்கிறேன் என்ற பாவனையும் இல்லை. கிழமைக்கணக்காகப் பழகிய பெயர் நாக்கு நுனியில் நிற்க, அவள் சம்மதம் என்றாள்.

வெளியே மணமக்கள்மேல் அரிசியை அள்ளி வீசினாள் யோசப்பின். "குடும்பத்தில் இன்னும் ஒரு பீப்பா!"

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" நேசமலர் மெதுவாகக் கேட்டாள்.

"பசிக்குது மலர். முதல்லை சாப்பிடுவம்."

பெண்சாதியின் பெயரை வைத்தவன் என்று இராசலிங்கம் ஊரெல்லாம் சொன்னார். முடி வெட்ட வந்து இருந்துகொண்டே, "கூப்பர் வீட்டு மாப்பிள்ளை பொருத்தமாத்தான் பீப்பா உருட்டுறார்," என்றார். ஸ்ரீதரனும் சேர்ந்து சிரித்தான். புதிதாக வந்தவர்கள் யாராவது அப்பா என்ன செய்தவர் என்று கேட்டால், முன்போலவே, அதே குரலில், "சலூன் வைச்சிருந்தவர்," என்றான். ஆகவே மறைப்பதற்காக அல்ல. அவளுக்காகவோ என்று நேசமலர் நினைத்துப் பார்த்தாள். ஆனால் அந்தப் பெயரை இறக்கி வைக்க அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவனுக்குத் தெரியும். சட்டியில் கறி கொதிக்கும்போது இதை யோசிப்பாள், உப்புப் போடுவாள், விட்டுவிடுவாள். குறை என்று சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை.

எண்பத்தொன்பதில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. குடிபோனபின் வந்த முதல் சம்பளத்தில் ஸ்ரீதரன் பித்தளைத் தகடு ஒன்று வாங்கி, பெயர் வெட்டுவித்துக்கொண்டு வந்தான். திருகாணிகளை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்க, அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் 'கூப்பர்' என்ற தகட்டைக் கதவில் பூட்டினான். சரிவாக இருக்கிறதோ என்று, எதிர்வீட்டுத் 'தையற்காரர்' தகட்டோடு சேர்த்துத் தள்ளி நின்று பார்த்தான். சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தான்.




"இப்ப வடிவாக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.